கொம்பிலே தட்டி! ஓசூர் பக்கத்து எருது விடும் விழா

பெங்களூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும். முதல் ஊர் ஓசூர். மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் எல்லாம் செய்கிற ஊர். தை பிறந்த பிறகு இந்தப் பக்கம் வருகிறவர்கள், தொழிற்சாலைகளைக் கடந்து கிராமங்களுக்குள் போகவேண்டும். அங்கேதான் எருது விடும் விழா!

பொழுது விடிந்ததுமே கூட்டம் சேர்ந்துவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். காளைகள் வேன்களில் வந்து இறங்கும். கால்நடை டாக்டர் பரிசோதித்த பிறகே அவற்றை ஓடவிடுவார்கள்.

மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடிக்கவேண்டும். இங்கே குறி கொம்பின் மேல். வண்ண வண்ணமாக அலங்கரித்த தட்டியைக் கொம்பிலே கட்டி, பரிசுப் பொருளும் சேர்த்துக் காளையை விடுவார்கள். காளை பாயும். வாலிபர்கள் விரட்டிச் சென்று தட்டியைப் பறிப்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்!

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்னொரு வகையும் உண்டு. குறித்த தூரத்தை மிகக் குறைந்த வினாடிகளில் ஓடிக் கடக்கும் காளைக்கே முதல் பரிசு.

கனடா நாட்டில் கால்கரி என்ற நகரில் 1912-ம் ஆண்டு தொடங்கிய 'ரோடியோ' விழா உலகப் புகழ் பெற்றது. அங்கே காளையின் முதுகில் 8 வினாடி உட்கார்ந்திருக்கவேண்டும். நம் ஊரில் முதுகில் யாரும் ஏறுவதில்லை. அந்த மட்டில் மாடு பிழைத்தது!

2014-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. எருது விடும் விழாவின் பெயரும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ந் தேதி தீர்ப்பு வந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி கோபசந்திரத்தில் விபரீதம் நடந்தது. விழாவுக்கு அனுமதி தாமதம் ஆனதால் ஜனங்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். வாகனங்கள் பல மணி நேரம் நின்றன. கல் வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை! பஸ்சில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

விழாவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஓடுகிற காளைக்கு, வீரன் யார், வேடிக்கை பார்ப்பவன் யார் என்று தெரியாது. உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கிறது. குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் தடுப்புக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது. மாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

சாயங்காலம், ஓடிப்போன காளையைத் தேடிச் சொந்தக்காரர் கயிற்றோடு அலைவார். கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அத்தனை பேரையும் மிரட்டிய காளை, அவர் குரல் கேட்டு நின்றுவிடும்.