மூளையின் இணைப்பு வரைபடம்: மின்னணு நுண்ணோக்கி காட்டுவதும் காட்டாததும்

முன்னுரை

‘மூளை வரைபடம்’ என்னும் தொடர் இருவேறு பணிகளைக் குறிக்க இடந்தருகிறது. 2024 டிசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 சீவல்களைக் கொண்ட ‘தரணி’ என்னும் முப்பரிமாணத் தொகுப்பை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வளர்ந்த பழ ஈயின் மூளையிலுள்ள 1,39,255 நரம்பணுக்களின் இணைப்புகள் வெளியாயின. முன்னது உயிரணு வரைபடம். பின்னது இணைப்பு வரைபடம். இவ்விரண்டின் வேறுபாட்டையும், பின்னதற்கு மின்னணு நுண்ணோக்கி இன்றியமையாததாக விளங்கிவரும் காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இழையை எண்ணுதலும் தொடர்தலும்

கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையில் நெய்யப்பட்ட சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எவ்விடத்தில் எந்நிற இழைகள் எத்தனை உள்ளன என்று கணக்கிடுவது ஒரு பணி. ஓர் இழையைப் பற்றிக்கொண்டு, அது எந்தெந்த இழைகளைத் தொட்டுச் செல்கிறது என்று இறுதிவரை தொடர்வது மற்றொரு பணி. சேலையில் பாவும் ஊடையும் ஒழுங்குபட அமைந்திருப்பதால், ஒரு சாண் துணியைக் கண்டே எஞ்சியதை ஊகிக்கலாம். மூளையில் அவ்வாறு ஊகிக்க இயலாது; ஒவ்வோர் இழையையும் தனித்தனியே தொடர்ந்தாக வேண்டும்.

‘தரணி’ முதற்பணியைச் செய்கிறது. கருவின் 14 முதல் 24 வாரங்கள் வரையிலான மூளையில் உயிரணுக்கள் எங்கெங்கு அமைகின்றன என்பதை அது காட்டுகிறது. வளர்ச்சிக் குறைபாடுகளை ஆராய்வோருக்கு இஃது அடிப்படைத் தரவாகும். எனினும், எந்த அணு எதனுடன் இணைந்துள்ளது என்ற வினா அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒளியின் எல்லை

வழக்கமான ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியிலுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்சின் இடைவெளியோ ஏறத்தாழ 20 நானோமீட்டர். 1873இல் கொல்கி கண்டறிந்த சாயமுறை பயன்பட்டதற்குக் காரணம், அது மிகச் சில அணுக்களை மட்டுமே கறுப்பாக்கியதுதான். அனைத்தும் சாயமேறியிருந்தால் கஹாலின் கண்ணுக்கு இருள் மட்டுமே தென்பட்டிருக்கும். அணுக்கள் தொடர்ச்சியான ஒரே வலையா, தனித்தனி அலகுகளா என்ற அவ்விருவரின் முரண்பாட்டில் கஹாலின் கருத்தே சரி என்பதை, 1950களில் மின்னணு நுண்ணோக்கி அவ்விடைவெளியைக் காட்டி உறுதிசெய்தது.

செயல்முறை

முதலில் திசு வேதிப்பொருள்களால் நிலைப்படுத்தப்படுகிறது. ஆஸ்மியம் போன்ற கன உலோகங்கள் அணுச்சவ்வுகளில் படிந்து அவற்றைப் புலப்படுத்துகின்றன. பின்னர் நீர் நீக்கப்பட்டு, பிசினில் பதிக்கப்பட்டு, வைரக் கத்தியால் சீவப்படுகிறது. சீவலின் தடிமன் 30 நானோமீட்டர் எனின், ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள துண்டுக்கு 33,000க்கும் மேற்பட்ட சீவல்கள் வேண்டும். அடுத்தடுத்த சில சீவல்கள் பழுதுபட்டாலும் மெல்லிய இழைகள் தொடர்பறும். படங்களைக் கணினி அடுக்கி, ஒவ்வோர் அணுவுக்கும் தனி நிறமிட்டுப் பிரிக்கிறது. அதன் பிழைகளை மனிதர் திருத்துகின்றனர். பழ ஈ வரைபடத்தின் திருத்தப்பணிக்கு மட்டும் ஏறத்தாழ 33 மனித ஆண்டுகள் செலவாயின.

இம்முறைக்குத் திசு கெடாதிருத்தல் வேண்டும். இறப்புக்குப்பின் சவ்வுகள் விரைவில் சிதைவதால், உயிரணு வரைபடத்துக்கு உதவும் மூளைகள் அனைத்தும் இதற்கு உதவா. 2024 மே மாதம் வெளியான மனித மூளைத்துண்டின் வரைபடம், வலிப்பு நோய்க்கான அறுவையின்போது அகற்றப்பட்ட திசுவிலிருந்து உருவானது. ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள அத்துண்டில் ஏறத்தாழ 57,000 உயிரணுக்களும் 15 கோடி சினாப்சுகளும் காணப்பட்டன. தரவின் அளவு 1.4 பெட்டாபைட். முழு மனித மூளை இதனைப்போல் பத்து இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது.

வரைபடம் சொல்லாதவை

302 நரம்பணுக்களே கொண்ட ஓர் உருளைப்புழுவின் இணைப்பு வரைபடத்தைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்தும் அப்புழுவின் நடத்தை முழுவதையும் அவ்வரைபடத்திலிருந்து கணிக்க இயலவில்லை. சினாப்சுகளைக் கடந்து பரவும் நரம்புப் பெப்டைடுகள் அணுக்களின் செயலை மாற்றுகின்றன. அவற்றின் வழித்தடம் படத்தில் தெரிவதில்லை. உலோகம் படிந்த திசு இறந்த திசு. அதில் வழி தெரியும், அவ்வழியே சென்ற செய்தி தெரியாது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே, 2025 ஏப்ரலில் வெளியான எலி ஆய்வில், உயிருள்ள எலியின் பார்வைப் புறணியில் ஏறத்தாழ 75,000 நரம்பணுக்களின் செயல்பாட்டை முதலில் பதிந்து, பின்னர் அதே பகுதியைச் சீவிப் படமெடுத்தனர்.

முடிவுரை

உயிரணு வரைபடம் இருப்பிடத்தையும், இணைப்பு வரைபடம் தொடர்பையும், செயல்பாட்டுப் பதிவு நிகழ்வையும் கூறுகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. மூன்றையும் ‘மூளை வரைபடம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பின், சென்னையில் உருவான தொகுப்பின் உண்மைச் சிறப்பும் மங்கும். அது தராத ஒன்றை, நோயுற்றோர் குடும்பங்கள் அதனிடம் எதிர்பார்க்கவும் நேரும். எனவே, தமிழில் எழுதுவோர் ‘உயிரணு வரைபடம்’, ‘இணைப்பு வரைபடம்’ எனப் பிரித்து வழங்குவது பொருத்தமாகும்.