புள்ளிகள் மாறின, நம்பிக்கை மாறியதா?

2024 நவம்பர் 11ஆம் தேதி இரவு விஸ்தாராவின் கடைசி விமானங்கள் பறந்தன. மறுநாள் அதே விமானங்கள், அதே பணியாளர்களுடன், ஏர் இந்தியா என்ற பெயரில் புறப்பட்டன. பயணச்சீட்டில் ‘யுகே’ என்றிருந்த குறியீடு ‘ஏஐ’ ஆனது. ‘கிளப் விஸ்தாரா’ உறுப்பினர்கள் சேர்த்து வைத்திருந்த புள்ளிகள், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏர் இந்தியாவின் உறுப்பினர் திட்டத்துக்கு மாற்றப்பட்டன.

இதையெல்லாம் கணினியில் மாற்றிவிடலாம். ஆனால், “விஸ்தாரா என்றால் கவலையில்லாமல் ஏறலாம்” என்று சொல்லிவந்த பயணியின் நம்பிக்கையை எந்தக் கணக்கில் மாற்றுவது? நிறுவனங்கள் இணையும்போது ஒப்பந்தத்தில் எழுத முடியாத பகுதி இதுதான்.

நமக்கு என்ன தொடர்பு?

இதை இந்தியாவின் உள்நாட்டுச் செய்தி என்று நாம் கடந்துபோக முடியாது. விஸ்தாராவின் 49 விழுக்காடு சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு (எஸ்ஐஏ) சொந்தமாக இருந்தது. மீதி 51 விழுக்காடு டாடா குழுமத்தின் கையில். 2015 ஜனவரியில் டெல்லிக்கும் மும்பைக்கும் இடையே பறக்கத் தொடங்கிய விஸ்தாரா, 2019 ஆகஸ்ட்டில் தன் முதல் வெளிநாட்டுச் சேவைக்குத் தேர்ந்தெடுத்த நகரம் சிங்கப்பூர். அதன் தலைமை நிர்வாகிகளும் எஸ்ஐஏவிலிருந்து சென்றவர்கள். அவர்களில் ஒருவரான லெஸ்லி தங் பின்னர் ஸ்கூட்டின் தலைமை நிர்வாகியானார்.

ஏர் இந்தியாவின் வரலாறு வேறு. 1932ல் டாடா தொடங்கிய அந்த நிறுவனம் 1953ல் அரசுடைமையானது. பல்லாண்டு நட்டத்துக்குப் பிறகு 2022 ஜனவரியில் மீண்டும் டாடாவிடமே வந்து சேர்ந்தது. ஒரே முதலாளியிடம் இரண்டு முழுச்சேவை விமான நிறுவனங்கள் இருந்து, ஒன்றின் பயணிகளை மற்றொன்று இழுப்பதில் பொருளில்லை. எனவே இணைப்பு வணிகக் கணக்கில் நியாயமானதே. அது முடிந்தபோது, புதிய ஏர் இந்தியாவில் எஸ்ஐஏவுக்கு 25.1 விழுக்காட்டுப் பங்கு கிடைத்தது.

முன்பே நடந்த பாடம்

ஏர் இந்தியாவுக்கு இணைப்பு புதிதன்று. 2007ல் உள்நாட்டுச் சேவையில் பெரிதாக இருந்த இந்தியன் ஏர்லைன்சும், வெளிநாட்டுச் சேவையில் பெரிதாக இருந்த ஏர் இந்தியாவும் ஒன்றாக்கப்பட்டன. விமானங்களில் ஒரே பெயர் எழுதப்பட்டது. ஆனால் உள்ளே ஊதியமும் பதவி உயர்வும் வெவ்வேறு விதமாகவே இருந்தன.

2011ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு, போயிங் 787 விமானத்தை ஓட்டும் பயிற்சி இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் தரப்பட்டதை எதிர்த்து, பழைய ஏர் இந்தியா விமானிகள் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. இணைந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும் ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்ற பேச்சு ஓயவில்லை. தவித்தவர்கள் பயணிகள்.

பண்பாடு எங்கே இருக்கிறது?

‘நிறுவனப் பண்பாடு’ என்ற சொல்லைக் கேட்டதும் சுவரில் மாட்டிய கொள்கை வாசகங்கள் நினைவுக்கு வரலாம். வகுப்பில் இரண்டு குழுக்களை ஒன்றாக்கி ஒரே திட்டப்பணியைச் செய்யச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குழு கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துப் பழகியது. மற்றது கடைசி இரவில் விழித்திருந்து முடித்துப் பழகியது. இரண்டுக்குமே நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கலாம். ஆனால் சேர்ந்த முதல் நாளே உரசல் தொடங்கிவிடும். எழுதி வைக்காமலேயே எல்லாரும் பின்பற்றும் பழக்கம்தான் பண்பாடு. பழக்கத்தோடு சம்பளமும் பதவியும் சேரும்போது அந்த உரசல் பெரிதாகிறது.

2024 ஏப்ரலில் விஸ்தாராவில் நடந்தது அதுதான். இணைப்பை முன்னிட்டு விமானிகளின் ஊதிய முறை மாற்றப்பட்டது. முன்பு மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு உறுதியாகக் கிடைத்த ஊதியம், புதிய முறையில் 40 மணி நேரத்துக்கு மட்டுமே என்றானது. ஏற்கெனவே ஓய்வு போதவில்லை என்ற குறையும் இருந்தது. பல விமானிகள் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட சேவைகள் ரத்தாயின அல்லது தாமதமாயின. விஸ்தாரா தன் அன்றாடச் சேவைகளில் சுமார் 10 விழுக்காட்டைக் குறைத்தது.

நேரம் தவறாமைக்குப் பெயர்பெற்ற நிறுவனம், பெயர் மறைவதற்கு முன்பே பயணிகளைக் காக்கவைத்தது. வாடிக்கையாளர் தொலைவில் இருக்கிறார். ஊழியர் பக்கத்தில் இருக்கிறார். இணைப்பின் அதிர்ச்சி முதலில் ஊழியரைத் தாக்கி, அவர் வழியாகவே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கிறது.

இரண்டில் தொடங்கும் எண்

இந்த இணைப்பில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு விவரம். பழைய விஸ்தாரா சேவைகளுக்கு, ஏர் இந்தியா 2 என்ற எண்ணில் தொடங்கும் நான்கு இலக்க எண்களைக் கொடுத்தது. பழைய விஸ்தாரா விமானமும் பணியாளர்களும் எந்தச் சேவையில் இருக்கிறார்கள் என்று பயணிகள் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் என்று புரியும். பெயரை வாங்கலாம், வண்ணத்தை மாற்றலாம். பயணி தேடுவது அவருக்குப் பழகிய கவனிப்பை. அந்தக் கவனிப்பு மனிதர்களிடம் இருக்கிறது. அதனால் அவர்களைத் தேட ஓர் எண் தேவைப்பட்டது.

திரும்ப வருவதெல்லாம் விசுவாசமா?

பாடநூல்கள் வாடிக்கையாளர் விசுவாசத்தை, எத்தனை முறை திரும்ப வாங்குகிறார் என்று அளக்கச் சொல்கின்றன. ஆனால் இந்தியாவின் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் பறக்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி ஏர் இந்தியா குழுமத்துக்குப் போகிறது. முழுச்சேவை வேண்டும் என்பவர் ஏர் இந்தியாவில் மறுபடி ஏறினால், அது விருப்பமா, வேறு வழியின்மையா? விற்பனைக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புதிய போட்டியாளர் வரும் நாளில்தான் வேறுபாடு தெரியவரும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இணைப்பால் பயணிகளுக்கு நன்மையும் உண்டு. ‘ஸ்டார் அலையன்ஸ்’ கூட்டணியில் விஸ்தாரா இருந்ததில்லை. ஏர் இந்தியா இருக்கிறது. வெளிநாட்டு இணைப்புச் சேவைகளும் கூடுதல்.

நம் ஊரிலும் ஓர் இணைப்பு பெரிய சலசலப்பின்றி நடந்தது. 2017 ஜூலையில் டைகர்ஏர் ஸ்கூட்டுடன் இணைந்தது. டைகர்ஏரில் திருச்சிக்குப் போய்வந்த குடும்பங்கள் ஸ்கூட்டில் போகத் தொடங்கின. இரண்டுமே எஸ்ஐஏ குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனங்கள். பயணிகளின் எதிர்பார்ப்பும் ஒன்றே. கடக்க வேண்டிய தூரம் குறைவு. ஏர் இந்தியாவுக்கும் விஸ்தாராவுக்கும் இடையே அந்தத் தூரம் அதிகம்.

எஸ்ஐஏவின் கணக்கேடும் அதையே காட்டுகிறது. 2024/25 நிதியாண்டில் இந்த இணைப்பால் சுமார் 1.1 பில்லியன் வெள்ளி கணக்கியல் ஆதாயம் பதிவானது. அடுத்த நிதியாண்டின் முதல் பாதியில் நிகர லாபம் ஏறத்தாழ 68 விழுக்காடு சரிந்தது. ஏர் இந்தியாவின் நட்டத்தில் ஏற்க வேண்டிய பங்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம். இடையே, 2025 ஜூன் 12ல் அகமதாபாத்தில் நேர்ந்த விபத்து 260 உயிர்களைப் பறித்தது. அதை இணைப்போடு முடிச்சுப் போடுவது தவறு. எனினும், நம்பிக்கையைத் திரும்பக் கட்டும் வேலை அதனால் இன்னும் கடினமாகியிருக்கிறது.

நம்மில் பலர் சில ஆண்டுகளில் வேலைக்குப் போவோம். நாம் சேரும் நிறுவனமும் ஒருநாள் இன்னொன்றுடன் இணையக்கூடும். அப்போது அறிவிப்பின் முதல் பக்கத்தில் பங்கு விழுக்காடு இருக்கும். பணிமூப்புப் பட்டியலை எப்படிச் சேர்க்கப் போகிறார்கள், யாருடைய ஊதிய முறை நிலைக்கப் போகிறது என்ற விவரம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், முதலில் கேள்வி கேட்பவர் நீங்களாக இருங்கள்.