வண்டிப் புகைக் கணக்கில் எம்.கே.பி. நகர் எங்கே?

ஒரு நகரத்து வண்டிகள் எவ்வளவு புகை விடுகின்றன என்று அறிய, ஒவ்வொரு புகைக்குழாயிலும் கருவி மாட்ட முடியாது. அதனால் ஆய்வாளர்கள் கணினிக்குள் ஒரு நகரத்தைக் கட்டுகிறார்கள். சாலை, சந்திப்பு, சிக்னல் எல்லாம் அதில் உண்டு. அதில் வண்டிகளை ஓடவிட்டு, எந்த நொடியில் என்ன வேகம், எங்கே நிற்கிறது என்று பார்த்து அதற்கேற்ற புகையைக் கூட்டுகிறார்கள். ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய 'சூமோ' என்ற மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. இலவசமாகவே கிடைக்கிறது.

நொடிக்கணக்கு எதற்கு? நின்று நின்று போகும் வண்டி, சீராக ஓடும் வண்டியைவிடக் கிலோமீட்டருக்கு அதிகப் புகை விடும். எஞ்சினை அணைக்காமல் நிற்கும் லாரியோ ஓர் அடிகூட நகராமல் புகைத்துக்கொண்டிருக்கும். வடசென்னைக்கு இதுதான் முக்கியம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கான கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைத் திருவொற்றியூர், காசிமேட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். வியாசர்பாடி எம்.கே.பி. நகர்ப் பக்கமோ எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை. ஆந்திரா செல்லும் பழைய வழி. கொடுங்கையூர் குப்பைமேடும் அதற்குப் போகும் லாரிகளும் அருகிலேயே. தலித் மக்களும் பிற உழைக்கும் மக்களும் நெருங்கி வாழும் பகுதி இது.

நாம் ஊட்டுவதைத்தான் கணினி திருப்பிச் சொல்லும். இந்த மென்பொருள்களில் பல, வண்டிகள் தடம் மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் மேலைநாட்டுச் சாலையைப் பார்த்துச் செய்தவை. இங்கே டிரெய்லருக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ, பைக், மீன்பாடி வண்டி எல்லாம் புகுந்து போகும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தக் கலப்புப் போக்குவரத்துக்கு ஏற்ற மாதிரிகளில் பல காலமாக உழைக்கிறார்கள். வண்டியின் வயதும் வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி செய்த வண்டியும் பழைய டீசல் லாரியும் ஒன்றல்ல. நேரில் நின்று எண்ணாமல் நகரச் சராசரியைப் போட்டால், துறைமுகச் சாலையும் அண்ணா நகர்ச் சாலையும் ஒன்றாகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. நகரத்தின் மொத்தப் புகையைக் குறைப்பது மட்டுமே குறி என்றால், லாரிகளை வேறு சாலைக்குத் திருப்பு என்று கணக்கு சொல்லும். அது யார் வீட்டு வாசல் என்று மென்பொருள் கேட்காது. ஊர்ச் சாக்கடை சேரி வழியே வடிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊருக்குள் லாரி வேண்டாம் என்று போடும் பைபாஸ் யார் குடியிருப்பை ஒட்டிப் போகிறது என்று உங்கள் பக்கமும் பாருங்கள். 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. ராயபுரம் மூச்சுவிட்டது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது.

லண்டனில் பரபரப்பான சாலை அருகே வாழ்ந்த எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுக் கறுப்பினச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அங்கே சாட்சியாக நின்றது லண்டனின் சராசரி அல்ல. அவள் வீட்டுக்கு ஒரு மைல் தொலைவில் இருந்த கருவியின் பதிவுகள்.

கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிகள் இருக்கின்றன. நுண்துகளுக்கு இந்தியா வைத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. ஆனால் காற்றில் எவ்வளவு மாசு என்றுதான் கருவி சொல்லும். எந்தத் தெருவில், எந்த வண்டியிலிருந்து என்பதற்குக் கணினிக் கணக்கு வேண்டும். மேம்பாலமோ ஒருவழிப் பாதையோ திட்டமிடும்போது அந்தக் கணக்கைத் தெருவாரியாக, அங்கே வாழ்பவர்கள் யார் என்ற விவரத்தோடு வெளியிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் கையில் எண்கள் இருந்தால் நல்லது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இது ஒரு வாரச் செய்முறை வேலை. சந்திப்பில் நின்று, 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக, லாரி, பஸ், ஆட்டோ, பைக் என வகைபிரித்து எண்ணி எழுதுங்கள். கடைசியில் இன்னொரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: எஞ்சின் ஓட நிற்கும் வண்டிகள் எத்தனை, எத்தனை நிமிடம்?