மைசூர் ராக்கெட்: இரும்புக் குழாய் தந்த வலிமை

பாலக்காடு: கிழக்கிந்தியக் கம்பெனியைத் திணறடித்த மைசூர் ராக்கெட்டுகளின் காலத்தை, ஹைதர் அலி 1766-இல் எழுப்பிய பாலக்காடு கோட்டை இன்றும் நினைவூட்டுகிறது.

காகிதம், மூங்கில் உறை கொண்ட பழைய ராக்கெட்டுகள் அழுத்தம் மிகுந்தால் வெடித்துச் சிதறும். மைசூர் படையினர் இரும்புக் குழாயைப் பயன்படுத்தியதால் கூடுதல் வெடிமருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. பாயும் தூரமும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது.

1780-இல் காஞ்சிபுரம் அருகேயுள்ள புள்ளலூரில் கம்பெனிப் படை தோற்றது. அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு ராக்கெட்டுகளே காரணம் எனக் கூறப்படுகிறது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ராக்கெட்டுகள் இங்கிலாந்து சென்றன. அவற்றைப் பின்பற்றி வில்லியம் காங்கிரீவ் தீமூட்டும் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1807-இல் பிரிட்டிஷ் படை பீரங்கிக் குண்டுகளுடன் அவற்றையும் ஏவியதில் கோபன்ஹேகன் நகரம் பற்றி எரிந்தது. பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். படைகளைக் குலைத்த ஆயுதம், 27 ஆண்டுகளில் குடியிருப்புகளை எரிக்கும் ஆயுதமாயிற்று.