உயில் மட்டும் போதாது

உயில் என்ற பேச்சை எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்கு இது?" என்று வாயை அடைத்துவிடும் வீடுகள் நம்மிடம் அதிகம். அதையும் மீறி எழுதி வைத்தவர்கள்கூட, மரணத்துக்கு முன்னால் வரக்கூடிய ஒரு காலத்தை மறந்துவிடுகிறார்கள். பக்கவாதம், மறதிநோய், விபத்தில் தலையில் அடி என்று ஏதோ ஒன்றால் உயிர் இருக்கும், நினைவு இருக்காது. அப்போது பேங்கில் யார் கையெழுத்துப் போடுவது? வென்டிலேட்டரைத் தொடரலாமா என்று யார் சொல்வது? உயில் அங்கே உதவாது. ஆள் இறந்த பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது.

"மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேனே" என்று பலரும் தைரியமாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201 சொல்வது இதுதான்: பவர் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனத்தை இழந்தாலும், அந்த அதிகாரம் முடிந்துபோகும். அதாவது, எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளிலேயே பவர் பத்திரம் செல்லாமல் போகிறது. இங்கிலாந்தில் நினைவு தப்பிய பின்னும் நீடிக்கும் பவர் பத்திரத்துக்குச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் இன்னும் இல்லை. இது பெரிய குறை.

கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கவும் இங்கே தனிச் சட்டம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு பெண் அனுமதி கேட்டபோது, தனி நீதிபதி அவரை சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே காப்பாளராக்கியது. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் நடுவே ஒரு குடும்பம் இப்படி அலையக் கூடாது.

முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. வைத்தியச் செலவுக்கான பணத்தையாவது, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஜாயின்ட் அக்கவுன்ட்டில் வையுங்கள். சொத்து அதிகம் உள்ளவர்கள் குடும்ப அறக்கட்டளை பற்றி வழக்கறிஞரிடம் கேட்கலாம். சொத்தை முறைப்படி அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டால், எழுதியவரின் நினைவு தப்பினாலும் அறங்காவலர்களின் அதிகாரம் தொடரும்.

சிகிச்சைக்கு உரியது லிவிங் வில். மீளவே முடியாத நிலையில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் ஆவணம் இது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டும் என்றிருந்ததால் அநேகமாக யாருக்கும் பயன்படவில்லை. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். உங்கள் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்ட உறவினர்களைக் குறிப்பிடலாம். பிரதியைக் குடும்ப மருத்துவரிடமும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடமும் கொடுக்க வேண்டும். இதைக் காட்டியதும் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். மருத்துவமனையில் ஒரு குழு, அதன் மேல் இன்னொரு குழு என இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

இனி உயில். இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும், அதுதான் முக்கியம். பங்கு பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள், பின்னாளில் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வர வேண்டியிருக்கும். வயதானவர்கள் டாக்டர் சான்று ஒன்றை இணைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தும் வைப்பது நல்லது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டப்படி பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரைதான்.

உயில் இல்லாவிட்டால்? இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாயின் பங்கைப் பலர் நினைப்பதே இல்லை. அந்தத் தாயும் உயில் எழுதாமல் போனால், அவர் பங்கு இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் பிரியும். கணவர் கட்டிய வீட்டை விற்க, மனைவி இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

நாமினி போட்டாயிற்று என்பதும் பதில் ஆகாது. பேங்க் டெபாசிட்டிலும் பங்குகளிலும் நாமினி பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான். இதை 2023இல் பங்குகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

செட்டில்மென்ட் பத்திரத்தை உயிலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அன்றே கைமாறும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அதை மீறினால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து கேட்க அது வழி தரும்.

இவை எல்லாவற்றையும் நினைவு தெளிவாக இருக்கும்போதுதான் எழுத முடியும். மறதிநோய் உறுதியான பிறகு எழுதிய உயிலைக் கோர்ட்டில் நிலைநிறுத்துவது மிகவும் கடினம். அப்பா அம்மாவிடம் இதைக் கேட்கத் தயக்கமாக இருந்தால், முதலில் உங்களுடையதை எழுதி அவர்களிடம் காட்டுங்கள்.