காலில் ஓடும் இடுப்பு வலி: வீட்டில் செய்யத் தக்கவையும் தகாதவையும்

பெண்ணாடம் சுற்றுவட்டாரத்தில் உழைப்பு என்பது பெரும்பாலும் குனிந்து செய்யும் உழைப்பு. கரும்பை அடியோடு வெட்டுவோர், கட்டுகளைச் சுமந்து வண்டியில் ஏற்றுவோர், சேற்றில் நின்று நாற்று நடுவோர், அருகிலுள்ள விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் களிமண்ணையும் அச்சுகளையும் தூக்கி வைப்போர், அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் நாள் முழுதும் அமர்ந்து செய்வோர் என அனைவருக்கும் இடுப்பே அச்சாணி. அந்த இடுப்பில் தொடங்கிப் பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு வலி ஓடினால், நாட்கூலியில் வாழும் குடும்பம் நிலைகுலைந்து போகிறது. "இனி வேலைக்குப் போக இயலுமா?" என்பதே நோயாளியின் முதல் கேள்வியாக அமைகிறது. பெரும்பாலோருக்கு "இயலும்" என்பதே விடை. ஆனால் அதற்கு வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு.

வலி ஏன் காலில் ஓடுகிறது?

மருத்துவர்கள் இதனைச் சயாட்டிகா என்பர். இடுப்பெலும்பு முள்களிடையே வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுகூடி, நம் உடலிலேயே மிகப் பருமனான நரம்பாகக் காலுக்குள் இறங்குகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டு பிதுங்கி, அந்த வேர்களுள் ஒன்றை அழுத்தும்போதோ உறுத்தும்போதோ வலி காலில் உணரப்படுகிறது. மக்கள் "ஜவ்வு விலகல்" என்று குறிப்பிடுவது இதனையே. பிதுங்கிய வட்டே இவ்வலிக்குக் காரணமாகலாம் என்பதை 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் தெளிவாக எடுத்துரைத்தனர். முதியோருக்கு நரம்புகள் செல்லும் வழி குறுகிப்போவதாலும் இவ்வலி வரக்கூடும்.

இருமும்போதும் தும்மும்போதும் வலி கூடுவது, வெகுநேரம் உட்கார்ந்தபின் எழ இயலாமை, காலில் மதமதப்பு ஆகியவை இதன் வழக்கமான அடையாளங்கள். ஆறுதலான செய்தி யாதெனில், பிதுங்கிய பகுதி பலருக்கு நாளடைவில் தானாகவே சுருங்கிவிடுகிறது. பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றியே சில வாரங்களில் தேறுகின்றனர்.

படுக்கையா, நடமாட்டமா?

"எழுந்திருக்காதே, அசையாமல் படுத்திரு" என்பது வீட்டார் அன்போடு கூறும் அறிவுரை. முற்காலத்தில் மருத்துவர்களும் அவ்வாறே கூறினர். 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் 183 சயாட்டிகா நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் செய்தனர். மற்றவர்களை இயன்ற அளவு நடமாட விட்டனர். பன்னிரண்டு வாரம் கழித்து இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தனர். படுத்திருந்தவர்களுக்குத் தனிப்பயன் எதுவும் கிட்டவில்லை. மாறாக, நெடுநாள் படுக்கை இடுப்புத் தசைகளைத் தளர்த்திவிடும். ஆகவே வலி மிகுந்த முதல் ஓரிரு நாள் இடையிடையே படுத்து இளைப்பாறலாம். அதற்குமேல் படுக்கையே மருந்தாகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

படுக்கும் முறை: மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு அடியில் தலையணைகளை அடுக்கிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் இரு முழங்கால்களுக்கும் இடையில் தலையணை இருக்கட்டும். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழுங்கள்.

நடை: சமதளத்தில், வெயிலுக்கு முன், ஐந்து நிமிடம் நடந்தால் போதும். நாளுக்கு மூன்று நான்கு முறை நடந்து, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். அரை மணிக்கு மேல் தொடர்ந்து உட்கார வேண்டாம்.

குப்புறப் படுத்தல்: பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். துன்பமில்லையெனில் முழங்கைகளை ஊன்றி மார்பைச் சற்று உயர்த்துங்கள். அப்போது வலி பாதத்திலிருந்து விலகி இடுப்பை நோக்கி ஏறினால் அது நல்ல அறிகுறி, தொடரலாம். வலி காலில் மேலும் கீழிறங்கினால் உடனே நிறுத்துங்கள். நடந்தால் வலி கூடி, குனிந்தால் குறையும் முதியோருக்கு இப்பயிற்சி ஏற்றதன்று. அவர்கள் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி மெதுவாக மடக்குவது நலம்.

ஒத்தடம்: தவிட்டு ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ இடுப்பில் பதினைந்து நிமிடம் வைக்கலாம். பிறர் ஒருவர் கையால் சூடு பார்த்த பின்னரே வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றியவர்களும், கால் மரத்துப்போனவர்களும் மரத்த இடத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளக் கூடாது. தீக்காயம் தெரியாமலே நேரும்.

செய்யக் கூடாதவை

முதுகை மிதிக்கச் சொல்வதும், இடுப்பை முறுக்கிச் சொடுக்கெடுப்பதும் வேண்டாம். பிதுங்கிய வட்டு மேலும் நரம்பை நெருக்கக்கூடும். மெல்ல எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் தவறில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையும் உட்கொள்ளலாகாது.

வேலைக்குத் திரும்பும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாமல், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். பெரிய மூட்டையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தரையில் வைத்துச் செய்யும் வேலையை ஒரு பலகைமீது உயர்த்திக்கொண்டால் குனிவது பாதியாகக் குறையும்.

ஒரு நாளும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல். சிறுநீர் வெளியேறாமை அல்லது அறியாமலே கசிதல். மலத்தை அடக்க இயலாமை. இரு கால்களிலும் பலவீனம். பாதம் தொங்கிச் செருப்பு நழுவுதல். இவற்றுள் ஒன்று தோன்றினும், நள்ளிரவாயினும், 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இடுப்பின் அடிப்பகுதி நரம்புக் கற்றை முழுதும் நெரிபட்டிருந்தால் சில மணி நேரத் தாமதமும் வாழ்நாள் குறையாகிவிடக்கூடும். காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றுக்கும் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். ஆறு வாரமாகியும் தணியாத வலிக்கும் மறு ஆலோசனை தேவை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

மரத்துப்போன இடத்தையும் சிறுநீர்க் கோளாறையும் வாய்விட்டுச் சொல்லப் பலர், குறிப்பாகப் பெண்கள், கூச்சப்படுகின்றனர். வீட்டிலுள்ள ஒருவர் நாள்தோறும் தனிமையில், "சிறுநீர் இயல்பாகப் போகிறதா? உட்காரும் இடத்தில் தொடு உணர்வு இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த இரு கேள்விகள் ஒருவரின் வாழ்வைக் காக்கும். பின்பு அவர் கையைப் பற்றி வாசல் வரை நடக்கத் துணையாக இருங்கள். இன்று வாசல் வரை நடந்தவர், நாளை தெருமுனை வரை நடப்பார்.