டிராக்டர் ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் பாட்டரி வயரை எடுங்கள்

டிராக்டர் பாட்டரி அடிக்கடி இறங்கிப்போனால் உடனே புதுப் பாட்டரி வாங்கிவிடுவது பல விவசாயிகளின் வழக்கம். ஆனால் பல சமயம் கோளாறு பாட்டரியில் இராது. அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ, அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கும். ஆல்டர்னேட்டரையும் 'டைனமோ' என்றே சொல்லும் பழக்கம் உண்டு. வேலை ஒன்றுதான் என்றாலும் உள்ளமைப்பு வேறு. டைனமோ தாங்கிய முரட்டுத்தனத்தை ஆல்டர்னேட்டர் தாங்காது.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் நிற்காவிட்டால் 'சார்ஜ் வருகிறது' என்று முடிவு செய்வோர் இன்னும் இருக்கிறார்கள். டீசல் எஞ்சின் பாட்டரி இல்லாமலே ஓடக்கூடியது. ஆகவே இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. அது மட்டுமல்ல, பாட்டரித் தொடர்பு திடீரென அற்றால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி, உள்ளே இருக்கும் டயோடுகள் எரிந்துபோகும். நல்ல ஆல்டர்னேட்டரையே கெடுக்கும் சோதனை இது!

வோல்ட் மீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி. நன்கு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி, எஞ்சின் நின்றிருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதலில் பெல்ட் தளர்ந்துள்ளதா, வயர் முனைகளில் பாசம் பூத்துள்ளதா என்று பார்க்கவும். இரண்டும் சரியாக இருந்தால்தான் கழற்ற வேண்டும்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள தடித்த வயருக்குப் பாட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஸ்பானரின் ஒரு முனை அந்த நட்டிலும் மறுமுனை எஞ்சின் இரும்பிலும் பட்டால் தீப்பொறி பறக்கும், வயர் உருகும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் கையில் மோதிரமோ, இரும்புக் காப்போ, உலோகப் பட்டை வைத்த கடிகாரமோ இருந்தால் நொடியில் பழுத்துச் சதையைச் சுட்டுவிடும். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவருவதால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

பாட்டரியில் டிராக்டர் உடலோடு சேர்ந்துள்ள எர்த் வயரை, அதாவது நெகடிவ் வயரை, முதலில் கழற்ற வேண்டும். மிகப் பழைய சில டிராக்டர்களில் பாசிடிவ் முனை எர்த்தாக இருக்கும். எதுவானாலும் எர்த் பக்கமே முதலில். கழற்றிய வயர் மீண்டும் முனையில் படாதபடி துணி சுற்றி ஒதுக்கி வைக்கவும்.

பிறகு ஆல்டர்னேட்டர் வயர்களுக்கு அடையாளம் கட்டிக் கழற்றவும். இழுவைப் பட்டியின் போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். அடிப் போல்ட்டை உருவும்போது இன்னொருவர் தாங்கிப் பிடித்தல் நலம். அதிலுள்ள வாஷர்கள் இருந்த வரிசையிலேயே திரும்ப ஏற வேண்டும். மாறினால் புல்லி கோணிப் பெல்ட்டைத் தின்றுவிடும்.

கழற்றியதை அப்படியே தூக்கிப்போட வேண்டாம். கார்பன் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் இவற்றில் ஒன்று மட்டும் தேய்ந்தோ கெட்டோ இருக்கலாம். அதை மாற்றினால் போதும். புதிது வாங்குவதானால் வோல்ட், ஆம்பியர், புல்லி அளவு மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

பூட்டும்போது பெல்ட்டை இறுக்க, நெம்புகோலை ஆல்டர்னேட்டரின் முன்பக்க மூடியில் மட்டும் கொடுக்கவும். பின்பக்கம் நெம்பினால் டயோடு இருக்கும் பகுதி உடையும். புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. தாழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும். தளர்ந்திருந்தாலோ சார்ஜ் ஏறாது; அதே பெல்ட்டில் தண்ணீர் பம்பும் ஓடும் வண்டிகளில் எஞ்சினும் சூடேறும்.

எல்லா வயர்களும் பூட்டிய பின் கடைசியாகவே பாட்டரியின் எர்த் வயரை மாட்ட வேண்டும். இடம் வலம் மாற்றிப் பாட்டரியைப் பூட்டினால் புது ஆல்டர்னேட்டர் அந்த நொடியே கெட்டுவிடும். புதுப் பெல்ட் சிறிது நீளும். ஒரு நாள் உழவு ஓட்டிய பின் மறுபடி அழுத்திப் பார்க்கவும். சேற்றுழவு முடிந்ததும் ஆல்டர்னேட்டரில் அப்பிய சேற்றை ஈரத்துணியால் துடைக்கலாம். குழாய் வைத்து நேராகத் தண்ணீர் பீய்ச்சக்கூடாது.